பதினேழாம் நம்பர் டோக்கன்

என் அக்கா வீட்டுக்காரர் இருபத்திரண்டு வருஷம் கால்பந்து ஸ்டேடியத்தில் வேலை பார்த்தார். ஒரு கோலைக்கூட நேரில் பார்த்ததில்லை. எட்டாம் கேட் ரோட்டைப் பார்த்து இருக்கிறது; மைதானம் அவர் முதுகுக்குப் பின்னால். உள்ளே ஆட்டம் நடக்கும்போதெல்லாம் அவர் ஓர் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து போகிற வருகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆனால் சத்தத்தை வைத்தே எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். "இது கோல் இல்ல, கம்பத்துல பட்டுத் திரும்பிடுச்சு" என்பார். உள்ளே போய் விசாரித்தால் அப்படித்தான் நடந்திருக்கும்.

"எங்க அக்காவைப் பொண்ணு பார்க்க வந்தப்பவும் இப்படித்தான் முதுகைக் காட்டிட்டு உட்கார்ந்தீங்களா, அத்தான்?" என்று நான் சீண்டுவேன்.

"சத்தத்தை வெச்சே முடிவு பண்ணிட்டேன், மச்சான்" என்பார். சமையலறையிலிருந்து அக்கா கரண்டியால் பாத்திரத்தை ஓங்கி ஒரு தட்டு தட்டுவாள்.

இவ்வளவு நல்ல மனுஷனைப் பற்றி ஊருக்குத் தெரிந்தது ஒரே ஒரு விஷயம். நகர மன்றக் கூட்டத்தில் அவர் எழுந்து நின்று சொன்ன ஒரு வாக்கியம். அதைச் சிலர் பாராட்டிச் சொல்வார்கள், சிலர் காறித் துப்பிச் சொல்வார்கள். அவர் எப்படி அந்த இடத்துக்கு வந்தார் என்று யாரும் கேட்டதில்லை. நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அதனால்தான் இதை நான் எழுதுகிறேன்.

எட்டாம் கேட், வெளியூர் ரசிகர்களுக்கான கேட். ஒன்று முதல் ஏழு வரை நம் ஊர்க்காரர்களுக்கு. வெளியூர் என்று நாகரிகமாகச் சொல்கிறோமே தவிர, எங்களுக்கு வெளியூர் என்றால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊர்தான். மற்ற டீம்களுக்கு நூறு பேர் வருவார்கள், கத்திவிட்டுப் போவார்கள். அக்கரைக்காரர்கள் ஆயிரம் பேர் வருவார்கள். பேச்சில் ஓர் இழுவை இருக்கும். கும்பிடுகிற சாமி வேறு. இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள். எங்கள் ஊரில் அக்கரை எப்போதுமே கறுப்புதான். நான் என்ன பெரிய யோக்கியமா? என் ஜெராக்ஸ் கடையில் அந்த இழுவைப் பேச்சு காதில் விழுந்தால், மேசை மேல் கிடக்கிற செல்போனை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வேன். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. கை தானாகப் போகும்.

அத்தானுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. உள்ளே கொண்டுபோகக் கூடாத பொருளை வாங்கி வைத்துக்கொண்டு, ஓட்டை போட்ட ஒரு பித்தளை டோக்கன் கொடுப்பது அவர் வேலை. குடை, பெல்ட், கொடிக்கம்பு, கண்ணாடி பாட்டில் என்று எதுவாக இருந்தாலும் ஒரு நீளமான பதிவேட்டில் எழுதிக்கொள்வார். தேதி, பொருள், பேர், விலாசம், கடைசிக் கட்டத்தில் டோக்கன் நம்பர். ஆட்டம் முடிந்ததும் டோக்கனை வாங்கிக்கொண்டு, கையெழுத்துப் போடச் சொல்லி, பொருளைத் திருப்பிக் கொடுப்பார். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு குடை மாறிப்போனதில்லை.

இதில் ஒரு வினோதம் உண்டு. அது இந்தக் கதைக்கு முக்கியம். மற்ற ஏழு கேட்டிலும் டோக்கனும் கிடையாது, பதிவேடும் கிடையாது. நம்ம ஊர்ப் பையன் இடுப்பில் கத்தி இருந்தால், கேட்டில் நிற்பவர் தலையில் ஒரு குட்டுக் குட்டி, கத்தியைப் பக்கத்து டிரம்மில் போட்டுவிட்டு உள்ளே விட்டுவிடுவார். எல்லாம் தெரிந்த வீட்டுப் பிள்ளைகள்தானே! ஆட்டம் முடிந்ததும் ஏழு டிரம்மும் எட்டாம் கேட்டுக்கு வந்து சேரும். பூட்டுப் போட்ட அறை அங்கேதான் இருந்தது. அறைக்குள் வருகிற எதையும் எழுதாமல் வைக்கக் கூடாது என்பது விதி. எனவே அத்தான் அதையும் அதே பதிவேட்டில் எழுதுவார். பேர் தெரியாது, விலாசம் தெரியாது, டோக்கன் இல்லை. அந்தக் கட்டங்களில் ஒரு கோடு இழுத்துவிடுவார். குடைக்கு நம்பர் இருக்கும், கத்திக்குக் கோடு இருக்கும். பதிவேட்டின் அட்டையில் மட்டும் பெரிய எழுத்தில் 'எட்டாம் கேட் - பறிமுதல்' என்று இருக்கும்.

பதினேழாம் நம்பர் டோக்கனை அவர் யாருக்கும் கொடுக்க மாட்டார். அது பிளாஸ்க்காரருக்கு என்று தனியாக எடுத்து வைத்திருப்பார். பிளாஸ்க்காரர் அக்கரையில் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். வருஷத்துக்கு இரண்டு தடவை, மனைவியோடு வருவார். உண்மையில் பந்துப் பைத்தியம் அந்த அம்மாவுக்குத்தான். காலேஜில் கோல்கீப்பராக இருந்தவர். பந்து பட்டு முறிந்த வலது சுண்டுவிரல் வளைந்தே இருக்கும். அந்த விரலோடு ஒரு ஸ்டீல் பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார். ஸ்டீல் பிளாஸ்க் உள்ளே போகக் கூடாது என்று அந்த அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் பதினெட்டு வருஷமாகக் கொண்டுவந்தார். ஆட்டம் முடிந்து திரும்பி வந்து, அதிலிருந்து மூன்று டம்ளரில் டீ ஊற்றி, ஒன்றை அத்தானிடம் நீட்டுவார்.

"நாலாவது நிமிஷம் விசில் ஒண்ணு விட்டீங்களே, இடது கையாலயா?" என்று அத்தான் கேட்பார்.

"உங்க காதை அறுத்து மியூசியத்துல வைக்கணும், அண்ணே" என்பார் அந்த அம்மா. இதை அத்தான் வீட்டில் வந்து எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று கணக்கே இல்லை. அந்த டீயில் கொஞ்சம் மிளகு இருக்கும் என்றுகூடச் சொல்வார்.

அக்கரைக்காரர்கள் வந்த கடைசி ஆட்டத்தில் நம் டீம் தோற்றது. தோற்ற கோபத்தில் நம் ஊர்ப் பையன்கள் வெளியே வந்து, அக்கரைக்காரர்களின் பஸ்கள் மேல் கல்லெறிந்தார்கள். ஆறு பஸ்ஸில் கண்ணாடி உடைந்தது. போலீஸ் ஓடி வந்து, அக்கரைக்காரர்களை வரிசையாக இழுத்து பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டது. டோக்கனைக் காட்டிப் பொருளை வாங்கிக்கொள்ள யாருக்கும் நேரம் கொடுக்கவில்லை. அத்தான் பிளாஸ்க்கைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் பின்னாலேயே கொஞ்ச தூரம் ஓடியிருக்கிறார். ஒரு போலீஸ்காரர் அவரையே கல்லெறிய வந்தவர் என்று நினைத்து லத்தியை ஓங்கினாராம்.

மறுநாள் காலையிலேயே, ஆளுங்கட்சியான எங்கள் கட்சி ஆபீசில் பேச்சு ஆரம்பித்துவிட்டது. அக்கரை ரசிகர்கள் இனி இந்த ஸ்டேடியத்துக்குள் வரக் கூடாது. கல்லெறிந்தது நம் ஆள், உடைந்தது அவர்கள் பஸ். இதில் அவர்களை எதற்குத் தடுக்க வேண்டும் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்கள் வட்டச் செயலாளரை எல்லாரும் வட்டம் என்றே கூப்பிடுவார்கள். அவர் மீசையைத் தடவிக்கொண்டு சொன்னார்: "அவங்க வரலைன்னா கல்லே விழுந்திருக்காது, இல்லையா?" எல்லாரும் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன். ஆற்றங்கரை வார்டுகளில் எங்களுக்கு ஓட்டு குறைந்துகொண்டே வந்தது. அக்கரைக்காரனைத் திட்டினால் ஏறும். அதுதான் விஷயம், வேறொன்றும் இல்லை.

எதிர்க்கட்சி தடை கூடாது என்றது. அவர்களும் தர்மத்துக்காகச் சொல்லவில்லை. பாலத்தடியில் அக்கரையிலிருந்து வந்து குடியேறியவர்களின் ஓட்டு அவர்களுக்குத்தான் விழும். நாலு வருஷத்துக்கு முன்னால் அவர்கள் ஆட்சியில் இருந்தபோது இதே தடையை அவர்களே கொண்டுவரப் பார்த்தார்கள், நாங்கள் எதிர்த்தோம். அப்போது எங்கள் தலைவருக்காக நான்தான் பேச்சை டைப் அடித்தேன். "வந்தவனுக்குக் கதவைச் சாத்துற ஊரு ஒரு ஊரா?" என்று ஒரு வரி, நானே யோசித்துப் போட்டது. அன்றைக்கு நல்ல கைதட்டல்.

தடை கேட்பதற்கு ஆதாரம் வேண்டுமே! வட்டத்துக்கு எட்டாம் கேட் பதிவேடு ஞாபகம் வந்தது. ஸ்டேடியம் ஆபீசில் முறைப்படி எழுதிக் கொடுத்து, அதை வாங்கிக்கொண்டு என் கடைக்கு வந்தார். மூன்று வருஷத்துப் பக்கங்களை நகல் எடுத்து, மன்ற உறுப்பினர் எல்லாருக்கும் ஒரு செட் கொடுக்க வேண்டும்.

பதிவேடு அகலமானது. மெஷின் கண்ணாடியில் வைத்து முதல் தாளை எடுத்தேன். வலது பக்க ஓரம் வெட்டுப்பட்டு வந்தது. கடைசிக் கட்டம், அதாவது டோக்கன் நம்பர்க் கட்டம், இல்லை. அது வேண்டுமென்று செய்ததில்லை, சத்தியமாக. சின்னதாக்குகிற பொத்தானை அழுத்தினால் முழுப் பக்கமும் வந்துவிடும். கையைக் கொண்டுபோனேன்.

வட்டம் தாளைத் தூக்கிப் பார்த்தார். "எட்டாம் கேட், பறிமுதல். கத்தி, கத்தி, சங்கிலி, கத்தி. எழுத்து நல்லாப் பெருசா இருக்கு. சின்னதாக்கினா வயசானவங்களுக்குப் படிக்க முடியாது. இப்படியே இருக்கட்டும்" என்றார். பேர்க் கட்டத்திலிருந்த கோடுகளையும் விலாசக் கட்டத்துக் கோடுகளையும் அவர் பார்க்காமலில்லை. "பேரைக்கூடச் சொல்லாம ஓடியிருக்கானுங்க பாரு" என்றார்.

அந்தக் கோட்டுக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். அத்தான் வீட்டில் உட்கார்ந்து அதைப் பற்றி ஆயிரம் தடவை சொல்லிச் சிரித்திருக்கிறார், "நம்ம பசங்களுக்குப் பேரும் கிடையாது ஊரும் கிடையாது, மச்சான், வெறும் கோடுதான்" என்று. கட்சிக்காரருக்குத்தான் தெரியாது. வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். பொத்தானிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன். அரை மணி நேரத்தில் அத்தனை செட்டும் சூடாக வந்து விழுந்தது.

கூட்டத்துக்கு முந்தின நாள் அத்தானுக்கு ஒரு செட் கொடுத்தேன். எழுதியவர் அவர் என்பதால் மன்றத்தில் வந்து உறுதி சொல்ல வேண்டும் என்று கடிதம் வந்திருந்தது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் புரட்டினார்.

"கடைசிக் கட்டம் காணோமே, மச்சான்."

"பேப்பர் சின்னது, அத்தான்."

"அது இல்லாட்டி எல்லாம் அவங்க கொண்டுவந்த மாதிரி ஆயிடுமே."

"பதிவேடே அங்க மேசை மேல இருக்கும். வேணும்ங்கிறவங்க பார்த்துக்கட்டும். உங்களைக் கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க, போதும்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தாள்களை ஓரம் சேர்த்துத் தட்டி, ஒழுங்காக அடுக்கி வைத்தார். 

மன்றத்தில் நடுவே ஒரு நடைபாதை. இடது பக்கம் எங்கள் ஆட்கள், வலது பக்கம் அவர்கள் ஆட்கள். அத்தானுக்குக் கட்சி எதுவும் கிடையாது. எந்தப் பக்கம் உட்காருவது என்று தெரியாமல் வாசலில் நின்றவரை, நான்தான் கையைப் பிடித்து இழுத்து என் பக்கத்தில் உட்கார வைத்தேன். எங்கள் தலைவர் எழுந்தார். ஊரின் பாதுகாப்பு, பெண்களின் பாதுகாப்பு, குழந்தைகளின் பாதுகாப்பு என்று பேசினார். "ஒரு குறிப்பிட்ட கூட்டத்தைப் பத்தி நான் எதுவும் சொல்லல. ஆனா அந்தக் கூட்டத்தோட சுபாவம் நமக்குத் தெரியும்" என்றார். எங்கள் பக்கம் மேசையைத் தட்டினார்கள். பிறகு எதிர்க்கட்சித் தலைவர் எழுந்து, "வந்தவனுக்குக் கதவைச் சாத்துற ஊரு ஒரு ஊரா?" என்று கேட்டார். வலது பக்கம் மேசையைத் தட்டினார்கள். என் வரி. ஒரு வார்த்தைகூட மாறவில்லை, வாய்தான் மாறியிருந்தது. சிரிப்பு வந்தது. இப்போது நினைத்தால் எங்கேயாவது போய் முகத்தை மூடிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

மன்றத் தலைவர் நாற்காலியில் இருந்தவர் அத்தானைக் கூப்பிட்டார். அத்தான் இருந்த இடத்திலேயே எழுந்து நின்றார்.

"இது உங்க கையெழுத்துதானா?"

"ஆமாங்கய்யா."

"இதுல இருக்கிற பொருள் எல்லாம் எட்டாம் கேட் அறைக்கு வந்ததுதானா?"

"ஆமாங்கய்யா."

"பொய்யா எதுவும் எழுதலையே?"

"இல்லைங்கய்யா."

மூன்று கேள்வி, மூன்றுக்கும் உண்மையான பதில். பதிவேடு அவர்கள் மேசை மேல்தான் இருந்தது. அதன் மேல் யாரோ தண்ணீர் டம்ளரை வைத்திருந்தார்கள். இரண்டு கட்சியிலும் ஒருவர்கூட அதைத் திறக்கவில்லை. அத்தான் உட்கார்ந்தார்.

பொதுமக்கள் பேசலாம் என்றார்கள். பின் வரிசையிலிருந்து பிளாஸ்க்காரர் எழுந்தார். வேலைக்கு லீவு போட்டுவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி. அந்த இழுவைப் பேச்சைக் கேட்டதும் எங்கள் வரிசையில் இரண்டு பேர் அதே மாதிரி இழுத்துக் கேலி செய்தார்கள். அவர் காதில் விழுந்திருக்கும். காட்டிக்கொள்ளவில்லை.

"எனக்குப் பெருசாப் பேசத் தெரியாதுங்க. எட்டாம் கேட் அண்ணன் அதோ உட்கார்ந்திருக்கார். பதினெட்டு வருஷமா எங்களைப் பார்க்கிறார். நாங்க கத்தி தூக்கிட்டு வர்ற ஆளுங்களான்னு அவரையே கேளுங்க. அவர் என்ன சொன்னாலும் நாங்க ஏத்துக்கிறோம்" என்றார்.

மன்றம் முழுக்க அத்தான் பக்கம் திரும்பியது.  அவர் எழுந்திருக்கப் போனார். என் கை அவர் முழங்கால் மேல் இருந்தது. அழுத்தவில்லை. வைத்திருந்தேன், எடுக்கவுமில்லை. அதை அவர் ஒரு தடவை குனிந்து பார்த்தார். பிறகு எழுந்தார்.

"என்னங்க, இவரைத் தெரியுமா?" என்று கேட்டார் மன்றத் தலைவர்.

அத்தான் தொண்டையைச் செருமினார். "ஒரு மேட்சுக்கு ஆயிரம் பேரு வர்றாங்கய்யா. முகமெல்லாம் ஞாபகம் இருக்கிறதில்ல" என்றார்.

எங்கள் பக்கம் யாரோ சிரித்தார்கள். பிளாஸ்க்காரர் இன்னும் ஏதாவது வரும் என்று கொஞ்ச நேரம் நின்றார். அந்த அம்மா கணவரின் சட்டை நுனியைப் பிடித்து மெதுவாக உட்கார வைத்தார். வளைந்த சுண்டுவிரலை நான் அப்போதுதான் முதல் தடவை பார்த்தேன். அத்தான் சொன்ன மாதிரியே இருந்தது.

ஐந்து வருஷத் தடை, ஏழு ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறியது. வெளியே வந்ததும் வட்டம் அத்தானின் தோளைத் தட்டினார். "கேட்டதுக்கு மேல ஒரு வார்த்தை பேசல பாருங்க, தங்கமான மனுஷன்!" அத்தான் அந்தத் தோளை அப்புறம் ரொம்ப நேரம் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அத்தான் வீட்டுக்குப் போவதற்கு முன்பே சேதி அக்காவுக்குப் போய்விட்டது. கொஞ்ச நாள் அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஒருநாள் அத்தான் எட்டாம் கேட் அறையிலிருந்த பிளாஸ்க்கை வீட்டுக்குக் கொண்டுவந்தார். உள்ளேயிருந்த டீ கெட்டுப்போய் நாற்றம் அடித்தது. அக்கா அதை வெந்நீரும் உப்பும் போட்டுக் குலுக்கிக்கொண்டே கேட்டாள்.

"யாரோடது இது?"

"பிளாஸ்க்காரரோடது."

"முகம் ஞாபகம் இல்லைன்னு சொன்னீங்களாமே?"

  அக்கா பிளாஸ்க்கை மூன்று தடவை கழுவி, வெயிலில் கவிழ்த்து வைத்தாள். அது அலமாரியில் போய் உட்கார்ந்துகொண்டது. சாப்பிட உட்கார்ந்தால் நேர் எதிரே தெரியும். அத்தான் தட்டைத் தூக்கிக்கொண்டு மறுபக்கம் திரும்பி உட்கார ஆரம்பித்தார். மைதானத்துக்கு முதுகைக் காட்டிய மாதிரி அதற்கும் காட்டினார்.

மூன்றாவது மாதம் அக்கரை டீம் மறுபடி ஆட வந்தது. ரசிகர்கள் இல்லை. எட்டாம் கேட்டுக்குக் குறுக்கே சங்கிலி போட்டிருந்தார்கள். அத்தான் வழக்கம்போல நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் சும்மா பார்க்கப் போனேன். ஆட்டம் முடிந்ததும் ஏழு டிரம்மும் உருண்டு வந்தன. மன்றத்திலிருந்து திரும்பி வந்திருந்த பதிவேட்டில் அவர் ஒவ்வொன்றாக எடுத்து வைத்து எழுதினார். நாலு கத்தி, ஒரு சைக்கிள் சங்கிலி, ஒரு கட்டை, பட்டாசுக் கட்டு இரண்டு. பேர்க் கட்டத்தில் கோடு, விலாசத்தில் கோடு, டோக்கனில் கோடு. எழுதி முடித்துப் பேனாவை மூடி வைத்தார்.

"பார்த்தியா, மச்சான். வரவே இல்ல அவங்க. ஆனாலும் கத்தி வந்திருக்கு" என்றார்.

நான் அவரை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டேன். வீட்டுக்குப் போனதும் அக்கா பிளாஸ்க்கை எடுத்து மேசை மேல் வைத்து, "நாளைக்கு ஞாயித்துக்கிழமை. போய்க் குடுத்துட்டு வாங்க" என்றாள். என்னைப் பார்த்து, "நீயும் கூடப் போ. ஸ்கூட்டர் உன்கிட்டதானே இருக்கு?" என்றாள். அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

பாலத்தைத் தாண்டிப் போனோம். அத்தான் பின்னால் உட்கார்ந்து, ஒரு கையில் பிளாஸ்க்கையும் இன்னொரு கையில் பையோடு பதிவேட்டையும் பிடித்திருந்தார். "இடது", "நேரா", "அந்தத் தண்ணித்தொட்டிக்கிட்ட திரும்பு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவர் அந்த ஊருக்குப் போனதே இல்லை. பதினெட்டு வருஷம் எழுதிய விலாசத்தை யாரிடமோ வழி விசாரித்து மனப்பாடம் செய்து வைத்திருந்தார். மாடிப்படி ஏறிக் கதவைத் தட்டினோம்.

அந்த அம்மாதான் திறந்தார். அத்தானைப் பார்த்தார், பிளாஸ்க்கைப் பார்த்தார். கதவை விரியத் திறந்து, "உள்ள வாங்க" என்றார். பிளாஸ்க்காரர் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு கண்ணாடிச் சட்டத்தின் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தார். எழுந்து நின்றார்.

"வீட்டை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார்.

"பதினாலு பார் மூணு, தண்ணித்தொட்டித் தெரு, மாடி" என்றார் அத்தான். பதிவேடு பைக்குள்தான் இருந்தது.

பிளாஸ்க்காரர் தலையசைத்தார். "விலாசம் ஞாபகம் இருக்கு. முகம்தான் நிக்கல போல."

அவர் குரலை உயர்த்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. அத்தான் நின்றுகொண்டே பேசினார். "முகமும் ஞாபகம் இருந்துச்சு. அன்னிக்கும் இருந்துச்சு. என்னை யாரும் மிரட்டலைங்க. பயந்துட்டேன்னு சொன்னாலாவது ஒரு காரணம் இருக்கும். எல்லாரும் ஒரு பக்கமா உட்கார்ந்திருந்தாங்க. அதுல நான் மட்டும் வேற மாதிரி பேச வெட்கமா இருந்துச்சு. வெட்கப்பட வேண்டியதுக்கு வெட்கப்படல. அவ்வளவுதான்."

 அந்த அம்மா பூஜை அலமாரி மாதிரி இருந்த ஒரு சின்ன மரப்பெட்டியைத் திறந்து, பதினேழாம் நம்பர் டோக்கனை எடுத்து வந்து அத்தான் கையில் வைத்தார். அத்தான் பதிவேட்டை விரித்துக் காட்டினார். அந்த அம்மா வளைந்த விரலோடு கையெழுத்துப் போட்டார். பிறகு பிளாஸ்க்கைத் திறந்து முகர்ந்து பார்த்து, "வீட்டுல கழுவியிருக்காங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். டீ போடுகிற சத்தம் கேட்டது.

பிளாஸ்க்காரர் எங்களை உட்காரச் சொன்னார். "சார் யாரு?" என்று என்னைக் கேட்டார்.

"என் மச்சான்" என்றார் அத்தான். அதற்கு மேல் சொல்லவில்லை.

"ஒண்ணு மட்டும் இன்னும் புரியலண்ணே" என்றார் பிளாஸ்க்காரர். "அந்தப் பேப்பர்ல எங்க பேருல அத்தனை கத்தி எப்படி வந்துச்சு? எங்க பசங்களை எல்லாம் கூப்பிட்டுக் கேட்டுட்டேன். சத்தியம் பண்றாங்க. பக்கத்து வீட்டுப் பையனை நான் அடிச்சே கேட்டேன்."

அத்தான் பதிவேட்டைத் தடவினார். "அது உங்களோடது இல்லைங்க. நம்பர் போட்டிருந்தா உங்களோடது, கோடு போட்டிருந்தா எங்களோடது. நான் கடைசிக் கட்டத்தோடதான் எழுதினேன். நகல்ல அது..." என்று நிறுத்தினார். என் பக்கம் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. எனக்காகக் காத்திருந்தார். நன்றாகவே தெரிந்தது, காத்திருந்தார்.

அந்த நேரம் பார்த்து அந்த அம்மா டீயோடு வந்தார். முதல் டம்ளரை எனக்குக் கொடுத்தார். என் முழங்கைக்குப் பக்கத்தில், மேசை மேல், அவருடைய செல்போன் கிடந்தது. அவர் அதை எடுத்து வைக்கவில்லை. ஓரமாக நகர்த்திவிட்டு, டம்ளர் வைக்க எனக்கு இடம் செய்து கொடுத்தார்.

"மெஷின்ல ஏதாவது கோளாறா இருந்திருக்கும்" என்றேன் நான்.

"இருக்கும், இருக்கும்" என்றார் பிளாஸ்க்காரர், மரியாதைக்கு. அத்தான் டீயைக் கையில் வாங்கியவர் குடிக்காமல் வைத்திருந்தார். நான் குடித்தேன். அதில் மிளகு இருந்தது.

திரும்பி வரும்போது பாலத்தின் நடுவில் நிறுத்தச் சொன்னார். இறங்கினார். டோக்கனைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போட்டுக்கொண்டார்.

"எனக்கு மூணு மாசம் ஆச்சு, மச்சான். உனக்கு எவ்வளவு ஆகும்?" என்றார்.

அத்தான் ரிட்டயரான பிறகு, போன வருஷம்தான் காலமானார். தடை ஐந்து வருஷத்தில் முடிய வேண்டியது. அதற்குள் எதிர்க்கட்சி ஆட்சிக்கு வந்து, ஐந்து வருஷம் நீட்டித்தது. அதற்கும் என் நகல்தான் ஆதாரம். பதிவேடு எங்கேயோ கோப்புக்குள் கிடக்கிறது. பாலத்தில் கேட்ட அந்தக் கேள்வியை அவர் மறுபடி கேட்டதில்லை, சாகிற வரைக்கும். கேட்டிருந்தால் நான் வேறு ஏதாவது பொய் சொல்லியிருப்பேன், அவருக்கு அது தெரியும்.

பதிலை இப்போது எழுதுகிறேன். மெஷினில் கோளாறு எதுவும் இல்லை. அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை.